குட்டி போன வீடு

மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைப்பது பால்மாடு வளர்ப்பவர்களுக்குப் பழகிய வேலை. நாட்காட்டியின் ஓரத்திலோ கொட்டகைச் சுவரிலோ அந்தத் தேதி இருக்கும். 21ஆம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் ஏறக்குறைய 280 நாளை எண்ணிக் கன்றுக்குக் காத்திருப்பார்கள். எந்த இனக் காளை, எத்தனையாவது ஈத்து, போன ஈத்தில் எவ்வளவு கறந்தது என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) பால் கூட்டுறவோடு சேர்ந்து வேரூன்றிய பழக்கம் இது. அதே தெருவில் ஒரு பொமரேனியன் பெட்டை குட்டி போட்டால் நிலைமை வேறு. கடுவன் யாருடையது, அதற்கும் பெட்டைக்கும் இரத்த உறவு உண்டா, போன ஈத்துக் குட்டிகள் எந்தெந்த வீடுகளில் இருக்கின்றன, உயிரோடுதான் இருக்கின்றனவா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. 45 நாள் ஆனதும் குட்டிகள் கைமாறும். அத்தோடு கொடுத்தவருக்கும் குட்டிக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடும். சிறிய இன நாய்களை வளர்த்து விற்கும் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் இன்று கிராமங்களிலும் இருக்கிறார்கள். எந்த இனம் வாங்கலாம், என்ன தீனி போடலாம் என்று அவர்களுக்குச் சொல்லப் பலர் உண்டு. இந்தத் தொழிலில் பொறுப்பு எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும். அது தரும் விடை இதுதான்: குட்டியின் தாய் தகப்பன் யார் என்று தெரிவது பாதி வேலை. அது போன வீடு தெரிவதும், அங்கே அதற்கு என்ன ஆனது என்று தெரிவதுமே மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி விடுபட்ட இடத்திலெல்லாம் நாய்களும் கெட்டிருக்கின்றன, ஊருக்கும் தொல்லை வந்திருக்கிறது.

தமிழ் நிலத்தில் நாய்க்கும் மனிதருக்கும் இருந்த உறவுக்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. காலம் ஏழாம் நூற்றாண்டு. கால்நடையைக் காக்கப் போய் மாண்ட ஒருவனுக்காக எடுத்த கல் அது. அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. கோவிவன் எந்த இனம், என்ன நிறம் என்று கல் சொல்லவில்லை. அந்தச் சமூகத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. யாருடைய நாய், என்ன செய்தது என்ற இரண்டும் ஊருக்குத் தெரிந்திருந்தன. மேய்ச்சலும் காவலும் வாழ்க்கையாக இருந்த ஊர்களில் நாய் ஒவ்வொன்றும் தனித்தனியாக அறியப்பட்டது. களத்துமேட்டிலும் கடலைக்கொல்லையிலும் காவல் கிடந்த நாட்டு நாய்களை யாரும் தேர்ந்து இணை சேர்க்கவில்லை. வெயிலும் நோயும் பசியுமே அவற்றைத் தேர்ந்தெடுத்தன. அந்தத் தேர்வு கொடூரமானது. ஆனால் மூச்சு விடத் திணறும் நாயையும், மனிதர் கை வைக்காமல் ஈன முடியாத நாயையும் அது ஒருபோதும் உருவாக்கவில்லை.

மனிதர் தேர்ந்து வளர்த்த நாய்களின் மரபு தமிழகத்தின் தென்பகுதியில் வலுவாக இருந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை அப்படி உருவானவை. சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் இந்த இனங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். 2005ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. இங்கே நமக்கு வேண்டியது அவற்றின் பெருமையைவிட, குட்டி கைமாறிய விதம். வேட்டைநாய் வைத்திருந்த குடும்பங்களில் குட்டியைக் காசுக்கு விற்பது வழக்கமில்லை. உறவுக்காரருக்கோ நண்பருக்கோ கொடுப்பார்கள். கன்னி நாயை மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பது உண்டு என்ற வழக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கொடுத்தவர் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ வாங்கியவர் வீட்டுக்குப் போகும்போது நாயைப் பார்ப்பார். ஓட்டத்தில் சுணங்குகிறதா, வலிப்பு வருகிறதா, ஆளைக் கண்டால் மிரளுகிறதா என்பது தானாகவே தெரிந்துவிடும். குறை இருந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்க யோசிப்பார். எழுத்து ஒன்றும் இல்லாமலே தகவல் வாங்கியவரிடமிருந்து கொடுத்தவருக்குத் திரும்பி வந்தது. கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை இருந்தது, வாங்கியவருக்குச் சொல்லும் கடமை இருந்தது. இனம் நின்றதற்கு இரத்தத் தூய்மை எவ்வளவு காரணமோ, அதே அளவு இந்தப் போக்குவரத்தும் காரணம்.

பழைய வழக்கத்தை மெருகேற்றிச் சொல்வதாக ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் இருக்கிறது. ராஜபாளையத்தில் தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. நிறம் கலந்து பிறந்த குட்டிகளைக் கழித்துவிட்டார்கள். அந்த வெள்ளை மோகத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்தே வந்தது. ரோமத்துக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவை என்பதை அன்று யாரும் அறியவில்லை. நாய் வைத்திருப்பது நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களின் அடையாளமாகவும் இருந்தது, எல்லார் கைக்கும் குட்டி வரவில்லை. சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றியதால் நெருங்கிய இரத்தச் சேர்க்கையும் நடந்தது. ஆகவே அந்த வழக்கத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்வது என் வாதம் அன்று. குறை தெரிந்தும் அழகுக்காக அதைப் பொறுத்துக்கொண்டது அவர்களுடைய பிழை. குறையைத் தெரிந்துகொள்ளும் வழி அவர்களிடம் இருந்தது என்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது. பின்னால் வந்தவர்கள் அந்த வழியையே இழந்தார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859ல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873ல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. வம்சப் பதிவேடு வந்தது. ஒவ்வொரு நாய்க்கும் தாய், தகப்பன், பாட்டன் பெயர் எழுத்தில் ஏறியது. எழுத்து இருந்தால் பொறுப்பும் இருக்கும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் அப்படி நடக்கவில்லை. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745ல் தன்னையும் தன் பக் நாயையும் வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. அந்த நாய்க்கு நீண்ட முகமும் உயரமான கால்களும் இருக்கின்றன. இன்றைய பக்கின் முகம் தட்டையாகிவிட்டது. விக்டோரியா அரசி 1888ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வாங்கிய சிறிய பொமரேனியன்களும் இதே கதையைச் சொல்கின்றன. அதற்கு முன் அந்த இனத்தில் 10 கிலோவைத் தாண்டிய நாய்கள் உண்டு. அரசிக்குச் சிறியது பிடித்ததால் எல்லாரும் சிறியதைத் தேடினார்கள். இன்றைய கண்காட்சிப் பொமரேனியன் மூன்று கிலோவை ஒட்டி நிற்கிறது. உடல் அளவைப் பெரிதும் தீர்மானிக்கும் ஐஜிஎஃப்-1 என்ற மரபணுவின் பங்கு 2007ல்தான் ஆய்வில் தெரியவந்தது. ஆனால் நாயைச் சுருக்கும் வேலையை வளர்ப்பவர்கள் மரபணு என்ற சொல் பிறக்கும் முன்பே செய்து முடித்துவிட்டார்கள். வம்சப் பதிவேடு பின்னோக்கிப் பார்த்தது. தாத்தா யார், எத்தனை கோப்பை வாங்கினார் என்று சொன்னது. குட்டிகள் பிறகு எப்படி வாழ்ந்தன, எதனால் செத்தன என்ற முன்னோக்கிய கணக்கை அது கேட்கவில்லை.

அந்தப் பதிவேடும் கண்காட்சியும் ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்தன. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இன்று சென்னையிலிருந்து இயங்குகிறது. அதன் சான்றிதழ் உள்ள நாயைத்தான் சந்தையில் பேப்பர் உள்ள நாய் என்கிறார்கள். ஆனால் தமிழ் வீடுகளுக்குள் சிறிய நாயாக முதலில் பரவியதற்குப் பேப்பர் கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்கள் பல தலைமுறையாக இங்கேயே ஈன்று, இந்த வெயிலைத் தாங்கிப் பழகி, இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற தனி இனமாயின. மக்கள் அதைப் பொமரேனியன் என்றே அழைத்தார்கள். 1980களிலும் 90களிலும் வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்வது கடினம், செலவும் அதிகம். வெள்ளை ரோமமும் ஓயாத குரைப்பும் கொண்ட இந்த நாய் தயிர்ச்சோற்றிலும் வளர்ந்தது, சின்ன வீட்டுக்கும் பொருந்தியது. 1994ல் வந்த ஹம் ஆப்கே ஹை கோன் என்ற இந்திப் படத்தில் டஃபி என்ற வெள்ளை நாய் நாடெங்கும் பிரபலமானது. அக்காள் வீட்டுப் பெட்டைக்கும் எதிர்வீட்டுக் கடுவனுக்கும் பிறந்த குட்டி தெருவுக்குள்ளேயே போனவரை கேடு குறைவு. நடுவில் தரகரும் கடையும் வந்த பிறகு கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வியாபாரம் நடந்தது.

2003ல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் அடுத்த அலையைக் கிளப்பியது. பக் குட்டிக்கு நாடெங்கும் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறிய வேகத்தில் நல்ல பெட்டைகள் பெருக முடியாது. அதனால் இருந்த பெட்டைகளையே ஓய்வின்றி ஈன வைத்தார்கள், அண்ணன் தங்கையைச் சேர்த்தார்கள், பால்குடி மறக்காத குட்டிகளைக் கூடையில் வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் கோடையில் அது மூச்சு வாங்குவதையும் கண் பிதுங்குவதையும் தோல் மடிப்பில் புண் வைப்பதையும் பிறகுதான் கண்டார்கள். மருத்துவச் செலவு கட்டுப்படியாகாதபோது சிலர் அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். விழுப்புரம் சாலையில் உள்ள மதகடிப்பட்டு வாரச்சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகருக்கும் அந்த மாடு எந்த ஊர்க் கொட்டகையிலிருந்து வந்தது என்று தெரியும். கொடுத்தவர் ஏமாற்றினால் அடுத்த வாரச் சந்தையில் முகம் காட்ட முடியாது. நாய்க்குட்டி வாங்குகிறவரோ தாயைக் கூடப் பார்க்காமல் பணம் கொடுக்கிறார். கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார். கெட்ட குட்டியை விற்றவருக்கு எந்த இழப்பும் இல்லை, ஏனென்றால் குட்டி போன வீடு அவருக்குத் தெரியாது, குட்டி வந்த வீடு வாங்கியவருக்கும் தெரியாது.

இப்படி அறுந்த தொடர்பை எழுத்தால் மீட்கலாம்; எழுத்தில் பதிவு செய்வதும் பதிவை நம்பி வாழ்வதும் புதுச்சேரிக் கிராமங்களுக்குப் புதியவை அல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அவ்வூர்க் கல்விநிலையத்துக்கு ஊர்களின் வருவாயை எழுதி வைத்த ஒன்பதாம் நூற்றாண்டு ஆவணம். பிரெஞ்சு ஆட்சியில் 1880 மார்ச் 12 ஆணைப்படி கொம்யூன்கள் உருவானபோது வில்லியனூரும் பாகூரும் அவற்றில் இடம்பெற்றன. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வது பிரெஞ்சுச் சட்டத்தின் அடிப்படை. அந்தப் பதிவேடுகளைத் தேடி இன்றும் குடும்பங்கள் அலைகின்றன. முன்னோர் ஒருவரின் பிறப்புப் பதிவு கிடைத்தால் பேரப்பிள்ளைகளின் குடியுரிமை வழக்கே திசை மாறும். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறிய பிறகும், 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும் கொம்யூன் என்ற அமைப்பு நிலைத்தது, கொம்யூன் பஞ்சாயத்துகளாக இன்றும் வேலை செய்கிறது. இதற்கிடையே ஊர்களின் தோற்றம் மாறிவிட்டது. நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த பாகூரில் ஏரிப் பாசனம் இன்னும் நடக்கிறது. ஆனால் வில்லியனூர் நகரத்தின் புறநகராகிக்கொண்டு வருகிறது, வயல்கள் மனைகளாகின்றன. சுற்றுச்சுவருக்குள் ஒண்டுக் குடித்தனமாக வாழும் குடும்பத்துக்குக் காவலுக்கு ஓடும் பெரிய நாய் தேவைப்படவில்லை, மடியில் உட்காரும் சிறிய நாய் தேவைப்படுகிறது. சிறிய இனத்துக்கான சந்தை இப்படித்தான் கிராமத்தின் வாசலுக்கே வந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 2017 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வேறு விதமாகப் புரியும். அவை 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. நாய்களை ஈன வைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். பெட்டைக்கு 18 மாதம் நிறைவதற்கு முன் இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. உடன்பிறப்பையும் ஈன்ற குட்டியையும் இணை சேர்க்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, அதாவது ஊர் வழக்கமான 45 நாள் என்பது விதிமீறல். குட்டிக்குத் தடுப்பூசி போட்டு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் பதிந்து வைக்க வேண்டும். பலருக்கு இது அரசாங்கத்தின் தொந்தரவாகத் தெரிகிறது. உண்மையில் முகம் தெரிந்தவர்களுக்கிடையே தானாக நடந்ததை, முகம் தெரியாத சந்தையில் எழுத்தால் நடத்தும் முயற்சி இது. வம்சப் பதிவேடு கேட்காமல் விட்ட முன்னோக்கிய கணக்கை இந்த விதிகள் கேட்கின்றன. அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் வைப்பதன் பயன், தெருவில் விடப்பட்ட நாய் யாரிடம் பிறந்தது என்பதை அதன் எண் சொல்லிவிடும் என்பதுதான்.

சிறிய இனங்களுக்கு இந்தக் கணக்கு பெரிய இனங்களைவிடக் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் அவற்றின் உடல் பிழையைப் பொறுப்பதில்லை. சினைக்காலம் எல்லா நாய்க்கும் ஏறக்குறைய 63 நாள்தான். ஆனால் சிறிய பெட்டை ஒன்று முதல் நான்கு குட்டிகளே போடும். ஒரே குட்டியாக இருந்தால் அது வயிற்றில் பெரிதாகி, குறுகிய இடுப்பெலும்பில் சிக்கும். பெட்டை அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் அடுத்த நிமிடமே மருத்துவரிடம் போக வேண்டும். தட்டை முக இனங்களில் அறுவைச் சிகிச்சையே வழக்கம் என்று ஆகிவிட்டது. ஈன்ற இரண்டு மூன்று வாரத்தில் பால் கொடுக்கும் ஸ்பிட்ஸ் பெட்டை திடீரென்று நடுங்கி விறைத்துக்கொள்வது கால்சியம் குறைந்ததன் அடையாளம். கறவை மாட்டில் வரும் பால் காய்ச்சலுக்கு இது பங்காளி. மாடு வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் புரியும். இதைத் தவிர்க்க நினைத்துச் சினையில் கால்சியம் மருந்தை அள்ளிக் கொடுப்பது ஆபத்தை அதிகப்படுத்தவே செய்யும். குட்டிகள் பிறக்கும்போது 100, 200 கிராம்தான் இருக்கும். முதல் இரண்டு வாரம் தம் உடல் சூட்டைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாது, ஐப்பசி மழையின் ஈரக்காற்று பட்டாலே உயிர் போகும். பத்து நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். அதுவரை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுத வேண்டும். எடை ஏறாமல் நின்ற ஒரு நாள்தான் முதல் எச்சரிக்கை. கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எழுதிய எண்ணுக்குத் தெரியும்.

இடத்துக்கே உரிய நோய்களும் இருக்கின்றன. சங்கராபரணி ஆற்றங்கரையிலும் பாகூர் ஏரிப் பாசனத்திலும் ஈரமும் எலியும் சேர்ந்த வயல்வெளி எலிக்காய்ச்சலுக்கு ஏற்ற இடம். ஆண்டு முழுவதும் உண்ணி உண்டு. அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்கள் இரத்தத்தை வற்றச் செய்து வளர்ந்த நாயையே சாய்க்கும். உலகில் 1978ல் தலைகாட்டிய பார்வோ வைரஸ் நோய் 1981லேயே சென்னை மருத்துவர்களின் அறிக்கையில் வந்துவிட்டது. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒருமுறை பார்வோ வந்த வீட்டில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவாமல் அடுத்த ஈத்தை எடுப்பது குட்டிகளைத் தெரிந்தே பலி கொடுப்பதற்குச் சமம். விற்ற குட்டி பத்தாம் நாள் இரத்தக் கழிச்சலில் செத்தால் அந்தச் செய்தி விற்றவருக்கு வந்தாக வேண்டும். வந்தால் மீதிக் குட்டிகளைக் காப்பாற்றலாம், தன் வீட்டுத் தரையையும் சந்தேகப்படலாம். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருப்பது இந்தக் கொம்யூன்களுக்குப் பெரிய வசதி. இவ்வளவு அருகில் கல்லூரி மருத்துவமனை அமைவது பல மாவட்டங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு. அங்கே போகும்போது கையில் எடுத்துப் போகத் தகவல் இருந்தால்தான் மருத்துவரும் முழுதாக உதவ முடியும்.

இதற்கு எதிராக எழும் வலுவான கேள்வி ஒன்று உண்டு. தெருவெல்லாம் நாய் இருக்கும்போது புதிதாக ஏன் ஈன வைக்க வேண்டும், ஆதரவற்ற நாயை எடுத்து வளர்க்கச் சொல்லலாமே என்பது அது. சென்னையில் 1959ல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் வழியை 1964லிருந்து வலியுறுத்தி வந்தது. அந்த வழி பின்னால் நாடு முழுவதற்குமான விதியாயிற்று. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்களைப் பற்றி அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகள் இந்தப் பிரச்சினை எவ்வளவு கூர்மையானது என்பதைக் காட்டின. தெருநாயை எடுத்து வளர்ப்பது நல்ல செயல், அதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் சிறிய நாய்தான் வேண்டும் என்று தேடுபவரின் தேவை, நல்ல வளர்ப்பாளர்கள் விலகினால் மறைந்துவிடாது, கூடையில் வைத்து விற்பவரிடம் போகும். ஆகவே பொறுப்புள்ளவர் செய்ய வேண்டியது, வாங்குபவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்த பிறகே பெட்டையை இணை சேர்ப்பது. கொடுத்த குட்டியை வாங்கியவர் எந்த வயதில், எந்தக் காரணத்துக்காகத் திருப்பிக் கொடுத்தாலும் முகம் கோணாமல் ஏற்றுக்கொள்வது. பத்து வயது நாயாகத் திரும்பி வந்தாலும் தன் வீட்டில் ஒரு மூலை ஒதுக்க முடியாதவர் இந்தத் தொழிலைத் தொடங்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையைக் கடைப்பிடித்தால், நாய் வளர்ப்பாளரிடமிருந்து தெருவுக்கு ஒரு நாய்கூடப் போகாது.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. 5,000 ரூபாய்க் கட்டணமும் பரிசோதனையும் மைக்ரோசிப்பும் பணக்காரர்களுக்கே சாத்தியம், மாடு வைத்துப் பிழைக்கும் பெண்ணை இது வெளியே தள்ளிவிடும் என்பார்கள். சுமை உண்மைதான். ஆனால் சிறிய பெட்டையின் அறுவைச் சிகிச்சைச் செலவு ஒரே இரவில் வந்து நிற்கும்போது அது ஏழையா பணக்காரரா என்று பார்ப்பதில்லை. அதற்குப் பணம் எடுத்து வைக்காமல் இணை சேர்ப்பது பெட்டையின் உயிரைப் பந்தயம் வைப்பது. மற்றபடி பொறுப்பின் பெரும்பகுதிக்குப் பணம் தேவையில்லை. சிறிய இனங்களில் அடிக்கடி வரும் முழங்கால் சில்லு விலகலை அனுபவமுள்ள மருத்துவர் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். தராசும் நோட்டும் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரே ஒரு நல்ல பெட்டையோடு தொடங்கலாம். கடுவனை வாங்காமல், உறவில்லாத, நலமான கடுவனை வெளியே தேடி, கட்டணமோ ஒரு குட்டியோ கொடுத்து இணை சேர்ப்பது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு ஈத்து, அதிலும் மூன்று குட்டிகள் என்றால் இதில் குடும்பம் பிழைக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இது துணை வருமானம் மட்டுமே. முழு வருமானமாக்க முயல்பவர் பெட்டையைப் பிழிந்துதான் ஆக வேண்டும்.

எந்த இனம் என்ற கேள்வியும் இங்கே வந்து சேரும். நாட்டு இனமே வளர்க்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, நம் புகழ்பெற்ற இனங்கள் எல்லாம் ஓட இடம் கேட்கும் வேட்டைநாய்கள், ஒண்டுக் குடித்தனத்தில் அவற்றை அடைப்பது அவற்றுக்குச் செய்யும் தீங்கு. தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்ச் புல்டாக் உட்பட 11 வெளிநாட்டு இனங்களை இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டது. வளர்ப்பாளர்கள் தரப்பில் எதிர்ப்பும் எழுந்தது. சட்டம் எப்படிப் போனாலும், சித்திரை வெயிலில் மூச்சு வாங்க முகமே இல்லாத நாயை இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் ஈன வைப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. பல தலைமுறையாக இங்கே வாழ்ந்து தேறிய இந்தியன் ஸ்பிட்ஸ், பேப்பர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஏளனம் செய்யப்பட்டு, கண்டபடி கலக்கப்பட்டு, தேய்ந்துகொண்டிருக்கிறது. நீண்ட முகமும் ஐந்து கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட, தானே ஈனக்கூடிய ஸ்பிட்ஸ்களைத் தேடி எடுத்துச் சேர்ப்பது புதிதாகத் தொடங்குபவர் செய்யக்கூடிய நல்ல வேலை.

இதைத் தனியாள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து பழகிய கொம்யூன் பஞ்சாயத்து, ஈன வைக்கும் பெட்டைகளுக்கு ஒரு பதிவேட்டைத் திறப்பது பெரிய காரியம் அன்று. பெட்டையின் மைக்ரோசிப் எண், ஈத்தின் தேதி, கடுவன், குட்டிகளின் எண்ணிக்கை, அவை போன வீடுகள் என்ற ஐந்து பத்திகள் போதும். கால்நடைக் கல்லூரி ஆண்டுக்கொரு முறை அந்தப் பதிவைப் படித்தால் எந்த வம்சத்தில் எந்த நோய் வருகிறது என்பது வில்லியனூருக்கும் பாகூருக்கும் தெரிந்துவிடும். பாலைக் கூட்டுறவாக விற்று, கொழுப்பு பார்த்து விலை வாங்கத் தெரிந்த ஊர்களுக்கு, வளர்ப்பாளர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே விதியில் நிற்பதும் எட்டாத ஒன்றில்லை. அரசும் கல்லூரியும் அசையும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. தொடங்குபவர் தம் முதல் ஈத்திலிருந்தே குட்டி போன வீடுகளின் முகவரியை எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாரித்து, வந்த பதிலை மறைக்காமல் அடுத்த வாங்குபவரிடம் காட்டட்டும். அந்த நோட்டில் கெட்ட செய்தி சேரும் பெட்டையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு விலை போனாலும், கருத்தடை செய்து வீட்டு நாயாக வைத்துக்கொள்ளட்டும். அந்த முடிவை எடுக்கும் துணிவு உள்ளவரைத்தான் பொறுப்புள்ள வளர்ப்பாளர் என்று அழைக்கலாம்.